வாசனை எண்ணெயும் திரியும்: திருகோணமலை வெக்கைக்கு ஏற்ற மெழுகுதிரி

வீட்டில் வாசனை மெழுகுதிரி செய்யத் தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த எண்ணெய் நல்லம் அக்கா?" என்பதுதான். திரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடையில் கிடைத்த திரியை நடுவில் நிறுத்தி மெழுகை ஊற்றிவிடுகிறார்கள். பிறகு கிளாஸ் கறுத்துப் போகிறது, இல்லாவிட்டால் நடுவில் குழி விழுந்து சுடர் மூழ்குகிறது, இல்லாவிட்டால் நன்றாக எரிந்தும் அறையில் வாசமே இல்லை. மூன்றுக்கும் பழி எண்ணெய் மேல்தான் விழுகிறது. நான் பாலையூற்றில் இருந்துகொண்டு மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் ஏற்றும் வெள்ளை மெழுகுதிரியும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குக் கிளாஸில் ஊற்றிய வாசனை மெழுகுதிரியும் செய்கிறேன். என்னவென்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவரும் மெழுகுதிரிகளில் எண்ணெய் பழுதாக இருப்பது அபூர்வம். எண்ணெய்க்கும் திரிக்கும் பொருத்தம் இல்லாததே அதிகம்.

ஏன் என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. சுடர் மெழுகை உருக்குகிறது. உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது. அது சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. திரிக்குள் ஏறிய வாசனை எண்ணெயும் மெழுகோடு சேர்ந்து எரிந்துவிடும். அதால் அறைக்குப் பெரிதாக வாசம் வராது. வாசம் வருவது சுடரைச் சுற்றி உருகித் தேங்கி நிற்கும் மெழுகுக் குளத்தில் இருந்து. குளம் அகலமாகவும் சூடாகவும் இருந்தால் வாசம் எழும்பும். அந்த அகலத்தைத் தீர்மானிப்பது திரி. விலை கூடிய எண்ணெயை வாங்கி மெலிந்த திரி போட்டால் காசு மெழுகுக்குள்ளேயே புதைந்து கிடக்கும்.

ஆகவே தெரிவு செய்யும் ஒழுங்கு இது: முதலில் மெழுகு, அடுத்தது பாத்திரம், பிறகு எண்ணெய், கடைசியில்தான் திரி. முன்னால் உள்ள மூன்றில் எதை மாற்றினாலும் திரியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மெழுகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே பகல் வெக்கை 35 பாகையைத் தொடுவது சாதாரணம். கிளாஸுக்கென்று விற்கும் சோயா மெழுகில் பல வகை 50 பாகைக்குக் கிட்டவோ அதற்குக் கீழோ உருகுபவை. இந்த வெக்கையில் அவை இளகி, மேலே எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கும். 58 முதல் 60 பாகையில் உருகும் பரஃபின் எங்கள் ஊருக்குத் தாங்கும். ஆனால் அது ஆறும்போது சுருங்கிக் கிளாஸ் சுவரில் இருந்து விலகும். அதனால் நான் மூன்றில் ஒரு பங்கு சோயா சேர்க்கிறேன். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும், வெக்கைக்குப் பயமில்லை. ஆனால் அதற்குச் சொந்த வாசம் இருக்கிறது, மேலே போடுகிற மெல்லிய வாசங்களை அமுக்கிவிடும்.

பாத்திரம் நேர்ச்சுவராக, அடி தடித்ததாக, வாய் 7 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் பழக நல்லது. கழுத்து ஒடுங்கிய ஜாம் போத்தலில் மேல் பகுதி அளவுக்கு மிஞ்சிச் சுடும். வெளிநாட்டுக்காரர் விரும்புகிறார்கள் என்று சிரட்டையில் ஊற்றுகிறார்கள். சிரட்டை எரியக்கூடிய சாமான், சுடர் ஓரம் சாய்ந்தால் பற்றும். நான் செய்து கொடுப்பதில்லை. தயிர்ச் சட்டி அழகுதான், ஆனால் மண்ணால் செய்தது என்பதால் வாசனை எண்ணெயை உறிஞ்சும், வாயும் அகலம், ஒரு திரி போதாது.

இனி எண்ணெய். எதை வாங்கக்கூடாது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருப்பதைப் போட்டுப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். கேக்குக்குப் போடும் வனிலா எசன்ஸில் தண்ணீரும் மதுசாரமும் இருக்கும். மெழுகோடு சேராமல் அடியில் தங்கி, திரிக்கு வந்ததும் படபடவென்று வெடிக்கும். உடம்புக்கு அடிக்கும் சென்ட் முக்கால்வாசி மதுசாரம். சூடான மெழுகுக்குக் கிட்ட அதைக் கொண்டுபோகவே வேண்டாம். தலைக்கு வைக்கும் வாசனை எண்ணெயில் பெரும்பகுதி வெறும் எண்ணெய்தான், வாசம் கொஞ்சம். சாம்பிராணித் தூள், கறுவாத் தூள், காய்ந்த மல்லிகை, கோப்பிக் கொட்டை எதுவும் மெழுகில் கரையாது. தூள் திரியை அடைக்கும். பூவும் கொட்டையும் தாமே திரியாகிப் பற்றிக்கொள்ளும்.

மெழுகுதிரிக்கென்றே செய்த வாசனை எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். கொழும்பு புறக்கோட்டையில் இருந்து வரும் சின்னப் போத்தல்கள் பலவற்றில் பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்காது. விற்பவரிடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று பாதுகாப்புத் தரவுத் தாள், அதில் தீப்பற்று வெப்பநிலை, அதாவது எண்ணெயின் ஆவி நெருப்புப் பட்டால் பற்றக்கூடிய சூடு, இருக்கும். மற்றது சர்வதேச வாசனைச் சங்கமான இஃப்ராவின் விதிப்படி தரும் சான்று. அந்தச் சான்றில் 12ஆம் வகைக்கு நேரே உள்ள எண்தான் மெழுகுதிரிக்கு உரிய உச்ச அளவு. தாள் தர முடியாது என்றால் வேறு ஆளிடம் வாங்குவது நல்லது. அடைத்த அறைக்குள் மூன்று நான்கு மணித்தியாலம் ஆட்கள் மூச்சில் இழுக்கப்போகிற சாமான் இது.

தாள் இருந்தாலும் ஒரு சின்னச் சோதனை செய்யாமல் நான் பெரிய போத்தல் வாங்குவதில்லை. 20 கிராம் மெழுகை உருக்கி, ஒரு கிராம் எண்ணெய் விட்டுக் கிளறி, கண்ணாடிக் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். மெழுகு தெளிவாக இருந்தால் சேர்ந்துவிட்டது. பால் மாதிரிக் கலங்கினாலோ, அடியில் குமிழாகத் திரண்டு நின்றாலோ அந்த எண்ணெயில் மெழுகோடு சேராத கரைப்பான் கலந்திருக்கிறது. ஊதுபத்திக்கென்று விற்கும் மலிவு எண்ணெய்களில் இதைப் பார்க்கலாம். ஆறிய பிறகு மேற்பரப்பை விரலால் தடவினால் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது.

நம் நாட்டு எண்ணெய்களில் எனக்குப் பிடித்தது கறுவா இலை எண்ணெய். பட்டை எண்ணெயை விட விலை குறைவு. அதில் கூடுதலாக இருப்பது யூஜெனோல் என்ற வாசப் பொருள். கராம்பிலும் அதுதான், அதனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரு குடும்பம் போல மணக்கும். இலை எண்ணெயின் தீப்பற்று நிலை உயர்வு என்பதால் சூடான மெழுகில் விடப் பயமில்லை. ஆனால் யூஜெனோல் சில பிளாஸ்டிக்கை இளக்கும். மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் அளந்து வைத்தால் சிறிது நேரத்தில் கப்பின் அடி பசையாகி மேசையில் ஒட்டும். அளப்பதும் வைப்பதும் கண்ணாடியில்தான். போத்தல் கறுத்த கண்ணாடியாக இருந்தால் இன்னும் நல்லது. கையில் பட்டால் எரியும், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொஞ்சம் போட்டாலே போதும். கூடினால் அறையில் இருக்கிறவருக்குத் தலையிடிக்கும்.

தேசிக்காய், தோடம்பழ எண்ணெய்கள் போத்தலில் முகரும்போது ஆளைத் தூக்கும், மெழுகில் ஏமாற்றும். அவற்றில் பெரும்பங்கான லிமோனின் மிக லேசானது. தீப்பற்று நிலை 48 பாகை அளவுதான், உருகிய மெழுகின் சூட்டிலேயே பறக்கத் தொடங்கிவிடும். புளிப்பு வாசம் வேண்டுமென்றால் தனித் தேசிக்காய் எண்ணெயை விட எலுமிச்சைப் புல் எண்ணெய் நின்று பிடிக்கும். மல்லிகையைப் பொறுத்தவரை, உண்மையான மல்லிகைச் சாறு தங்க விலை. கடையில் மல்லிகை என்று மலிவாக வருவதெல்லாம் செயற்கையாகச் சேர்த்த வாசம். அதில் தப்பில்லை, மெழுகுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். வனிலா சேர்ந்த எண்ணெய் எதுவும் வெள்ளை மெழுகை நாள் போகப் போக மண்ணிறமாக்கும். அதை முதலே மண்ணிறச் சாயத்தோடு ஊற்றிவிடுங்கள்.

நுளம்புக்கு என்று சிட்ரோனெல்லா கேட்பார்கள். அம்பாந்தோட்டைப் பக்கத்தில் காலகாலமாகப் பயிராகிற புல்லின் எண்ணெய் அது, இலங்கை வகைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயரே உண்டு. மெழுகுதிரிக்கும் பொருந்தும். ஆனால் காற்றோட்டமான விறாந்தையில் அதன் உதவி மிகச் சிறிது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. வாங்குகிறவருக்கு இதைச் சொல்லியே கொடுக்கிறேன், வலைக்குப் பதிலாக இதை நம்பக்கூடாது.

அளவுக்கு வருவோம். கரண்டியாலோ மூடியாலோ அளக்காதீர்கள். எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தி வேறு, நிறையில்தான் எடுக்க வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கிளாஸில் எவ்வளவு மெழுகு பிடிக்கும் என்று அறிய, ஊற்றப்போகும் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு நிறுங்கள். தண்ணீர் 200 கிராம் என்றால் மெழுகு ஏறத்தாழ 180 கிராம். பரஃபின் கூடிய கலவையில் நூறு கிராம் மெழுகுக்கு 6 கிராம் எண்ணெயில் தொடங்கலாம். 180 கிராமுக்கு 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். சோயாவில் 8 வரை போகலாம். என்னிடம் பழகிய ஒரு தங்கச்சி எப்போதும் கேட்பாள், "அக்கா, வாசம் காணாது, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" மெழுகு ஓர் அளவுக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைக்காது. மிச்சம் வெளியே கசியும், திரியை அடைக்கும், சுடர் குறுகும், குளம் சிறுக்கும், வாசம் இன்னும் குறையும். அவளுக்கு நான் சொன்னது, எண்ணெயைத் தொடாதே, ஒரு இலக்கம் கூடிய, அதாவது சற்றுப் பெரிய திரியைப் போட்டுப் பார் என்றுதான்.

எண்ணெய் விடும் சூடும் முக்கியம். பால்மாப் பேணியில் மெழுகைப் போட்டு, தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்குங்கள். நேரே அடுப்பில் வைக்க வேண்டாம். மெழுகு 80 முதல் 85 பாகைக்கு வந்ததும் அடுப்பில் இருந்து இறக்கி எண்ணெயை விட்டு, இரண்டு நிமிடம் மெதுவாக, அடி வரை கிளற வேண்டும். தீப்பற்று நிலை அதைவிடக் குறைந்த எண்ணெய் என்றால் மெழுகை இன்னும் ஆறவிட்டு, நெருப்பில் இருந்து தள்ளி வைத்து விடுங்கள். கிளாஸில் ஊற்றிய பிறகு பரஃபின் கூடியதை இரண்டு மூன்று நாளும், சோயா கூடியதை ஒரு கிழமைக்குக் குறையாமலும் மூடி நிழலில் வையுங்கள். அடுத்த நாளே பற்ற வைத்து வாசம் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

இப்போது திரி. விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி மெழுகுதிரிக்கு உதவாது. விளக்கில் எண்ணெய் எப்போதும் நீராகவே இருக்கிறது, தளர்ந்த பஞ்சு அதை உறிஞ்சிக்கொள்கிறது, திரியையும் நாங்கள் அடிக்கடி தூண்டிவிடுகிறோம். மெழுகுதிரியின் திரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னிய பருத்தித் திரி எரியும்போது நுனி ஒரு பக்கம் வளையும். வளைந்த நுனி சுடரின் விளிம்பில் போய்ச் சாம்பலாகி உதிரும். 1825இல் பிரான்ஸில் கம்பசெரே என்பவர் இந்தப் பின்னலைக் கொண்டுவரும் வரை, கரியும் நுனியைக் கத்தரிக்க மெழுகுதிரிக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டியிருந்தது.

கிளாஸ் மெழுகுதிரிக்குத் தட்டைப் பின்னலாக, பருத்தியும் மெல்லிய கடதாசி இழையும் சேர்ந்த திரி நன்றாக வரும். சதுரப் பின்னல் தேன்மெழுகுக்கு. நடுவில் உலோகக் கம்பி வைத்த திரி நிமிர்ந்து நிற்கும், ஆனால் கம்பி என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். ஈயக் கம்பி வைத்ததை அமெரிக்காவில் 2003இல் தடை செய்தார்கள். கையில் இருக்கும் திரியில் கம்பி இருந்தால் பிரித்தெடுத்து வெள்ளைக் கடதாசியில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் அது ஈயம், எறிந்துவிடுங்கள். மரத் திரி சடசடவென்று கேட்க நன்றாக இருக்கும், கடற்கரை விடுதிக்குச் சரிவராது, காற்றில் அணைந்துகொண்டே இருக்கும்.

திரி கிடைக்காத காலத்தில் நான் வீட்டிலும் பின்னியிருக்கிறேன். நூல் முழுப் பருத்தியா என்று ஒரு துண்டை எரித்துப் பாருங்கள். மிருதுவான சாம்பல் வந்தால் பருத்தி. கறுத்த கட்டி முத்து வந்தால் நைலோன் கலந்தது, வேண்டாம். ஒரு கோப்பை சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரமும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கரைத்து, நூலை ஒரு நாள் ஊற வைத்து, நன்றாகக் காயவிட்டு, மூன்று புரியாகப் பின்னி, உருகிய மெழுகில் தோய்த்து இழுத்துக் காய வையுங்கள். நகை வேலை செய்பவர்கள் பொடி வைத்து ஊதப் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான். அது நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கையால் பின்னியது இழுவைக்கு இழுவை வேறுபடும், விற்பதற்கு வேண்டாம்.

விலைக்கு வாங்கும் திரியில் எழுத்தும் இலக்கமும் இருக்கும். ஒரே வரிசைக்குள் இலக்கம் கூடினால் திரி கூடுதலாக மெழுகை இழுக்கும். ஒரு வரிசையின் 10ஐ இன்னொரு வரிசையின் 10ஓடு ஒப்பிட முடியாது. கிளாஸின் விட்டத்துக்கு எந்த இலக்கம் என்று விற்பவர்கள் அட்டவணை தருவார்கள். அந்த அட்டவணைகள் குளிர் நாட்டு அறைகளை வைத்துச் செய்தவை. இங்கே மெழுகு ஏற்கனவே 30 பாகைக்கு மேல் நிற்கிறது, உருக்கச் சுடருக்குக் குறைந்த வேலைதான். அட்டவணை சொல்வதிலும் ஒன்று குறைந்த இலக்கத்தில் தொடங்குங்கள்.

அதன் மேல் எண்ணெயையும் பார்க்க வேண்டும். கறுவா, வனிலா, சந்தனம் போன்ற கனத்த வாசங்கள் திரியில் மெதுவாக ஏறும், அவற்றுக்கு ஒரு இலக்கம் கூட்ட வேண்டி வரலாம். தோடம்பழம் போன்ற லேசானவை சுடரை உயர்த்தும், அவற்றுக்குக் குறைக்க வேண்டி வரலாம். ஒரே மெழுகு, ஒரே கிளாஸ், ஆனாலும் என்னிடம் கறுவாவுக்கு ஒரு திரி, எலுமிச்சைப் புல்லுக்கு வேறு திரி.

எது என்று எரித்துத்தான் பார்க்க முடியும். ஒரே ஊற்றில் மூன்று கிளாஸ், அடுத்தடுத்த மூன்று இலக்கம், அடியில் இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். திரி நடுவில் நிற்க, கிளாஸ் வாயில் இரண்டு ஈர்க்கை வைத்து நடுவில் திரியைப் பிடித்துக் கட்டினால் போதும். திரியை 5 மில்லிமீற்றருக்கு வெட்டி, ஃபானை நிறுத்தி, பற்ற வையுங்கள். குளம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு விரியும், ஆகவே 7 சென்ரிமீற்றர் கிளாஸுக்கு மூன்று மணித்தியாலம் காத்திருங்கள். குளம் சுவரைத் தொட்டோ அதற்குக் கிட்ட வந்தோ, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் போகாமல், சுடர் ஆடாமல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றால் நல்லது. திரி நுனியில் காளான் போலக் கரி திரண்டால், கிளாஸ் விளிம்பைத் துடைத்த வெள்ளைத் துணி கறுத்தால், கிளாஸைக் கையால் பிடிக்க முடியாமல் சுட்டால் திரி பெரிது. சுவரோரம் தடித்த மெழுகு நின்று நடுவில் கிணறு விழுந்தால் சிறிது.

முதல் எரிப்போடு முடிவு கட்டவும் கூடாது. ஆறவிட்டு, திரியை வெட்டி, கடைசி வரை பல தடவையாக எரித்துப் பாருங்கள். கிளாஸில் பாதிக்குக் கீழே போனதும் சுடர் சுவர்களுக்குள் அடைபட்டுச் சூடு கூடும். மேலே சரியாக இருந்த திரி கீழே பெரிதாகிவிடும். அதனால் இங்கே நான் தெரிவு செய்வது, முதல் எரிப்பில் சுவரோரம் மெல்லிய விளிம்பு மிஞ்சி, இரண்டாவது எரிப்பில் அதையும் உருக்கிச் சுவரைத் தொடும் திரியை. கச்சான் காலத்து நண்பகலிலும் மாரிகாலத்து இரவிலும் இரண்டு தரம் பார்த்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் பயமில்லை.

வாங்குகிறவருக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்: ஒவ்வொரு முறையும் திரியை வெட்டவும், நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்க வேண்டாம், அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சியதும் நிறுத்தவும், ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் அறையில் வேண்டாம், வெயில் விழும் யன்னலில் வைக்க வேண்டாம். உருக்கும்போது மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள். மூடியை முதலே பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

எரித்துப் பார்த்த எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி வையுங்கள். மெழுகின் பெயர், கிளாஸ் விட்டம், எண்ணெய் எத்தனை கிராம், திரி இலக்கம், அன்றைய வெக்கை. அதே பெயரில் புதுப் போத்தல் எண்ணெய் வந்தாலும், வேறு கடையில் வாங்கியது என்றால் முதலில் ஒரு கிளாஸ் மட்டும் ஊற்றி எரித்துப் பாருங்கள். கொப்பியில் உள்ளதோடு ஒத்துப்போனால் மிச்சத்தை ஊற்றலாம்.